தாழ்ப்பாள் இல்லாத விடுமுறை

ஏப்ரல் 25, வியாழன்

ஆழ்ந்த வருத்தத்துடன் பதிவு செய்யப்படுகிறது: பாளையங்கோட்டை, சமாதானபுரத்தில் உள்ள எங்கள் வீட்டுக் குளியலறையின் உள்தாழ்ப்பாள் இன்று மாலை ஐந்து மணி பத்து நிமிடத்துக்குக் காலமானது. வயது பதினொன்று. சில மாதங்களாகவே ஆட்டம் கண்டிருந்தது. கடைசி நேரத்தில் அருகில் யாரும் இல்லை. அன்னாரின் நான்கு திருகாணிகளில் மூன்று மட்டுமே கிடைத்துள்ளன. வெளித்தாழ்ப்பாள் நலமாக இருக்கிறது. ஆனால் உள்ளே சோப்புப் போட்டுக்கொண்டு நிற்பவருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

அப்பா அரசுப் பேருந்தில் கண்டக்டர். திருச்செந்தூர் ரூட்டை முடித்துவிட்டு வந்தவர் சடலத்தைக் கையில் வைத்துப் பார்த்தார்.

"யாருலே இத இழுத்தது?"

"தானா விழுந்துச்சுப்பா."

"தாழ்ப்பாள் தானா விழுமா? மரத்துல காய்ச்சா தொங்குச்சு?"

பிறகு சட்டம் போட்டார். புதுத் தாழ்ப்பாள் வரும்வரை உள்ளே இருப்பவர் சத்தம் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். சத்தம் நின்றால் ஆள் இல்லை என்று பொருள்.

முதல் ஆளாக அவரே போனார். "கிருஷ்ணாபுரம்... செய்துங்கநல்லூர்... ஸ்ரீவைகுண்டம் எல்லாம் எறங்கு" என்று உள்ளே இருந்து குரல் வந்தது. ஆழ்வார்திருநகரி தாண்டுவதற்குள் குளித்துவிட்டார்.

ஏப்ரல் 27, சனி

அநியாயம். இதற்கு வேறு சொல் எந்த அகராதியிலும் இல்லை.

அம்மா பள்ளி அகராதி ஒன்றைத் தயாரிக்கிற அலுவலகத்தில் சேர்ந்து மூன்று வாரம் ஆகிறது. நான் பிறக்கும் முன்பு ஓர் அச்சகத்தில் பிழை திருத்திக்கொண்டிருந்தாள். பதினைந்து வருடம் கழித்து மறுபடி வேலை. தோள்பை புதிது, டிபன் பாக்ஸ் புதிது, முகம்கூடக் கொஞ்சம் புதிது. ஆனால் இது சோதனைக்காலம். சொற்களுக்கு விளக்கம் எழுதும் ஒன்பது பேரில் ஐந்து பேரைத்தான் ஜூனுக்குப் பிறகு வைத்துக்கொள்வார்கள்.

அங்கே ஒரு முறை வைத்திருக்கிறார்கள். ஒரு சொல்லுக்கு ஒரு சீட்டு. சொல் எழுதிய மேல்பகுதியை மடித்து ஸ்டேப்ளர் பின் அடித்துவிடுவார்கள். விளக்கம் மட்டும் வெளியே தெரியும். எழுதியவர் பெயர் இருக்காது. எ-1 முதல் எ-9 வரை ஓர் எண்தான். தங்கள் எண்ணை வீட்டில்கூடச் சொல்லக் கூடாதாம். ஒன்பதாவது முடித்த நாற்பது பேர் 'வாசிப்பாளர்'. சனிக்கிழமைதோறும் ஆளுக்கொரு கட்டு. விளக்கத்தைப் படித்து, மடிப்புக்குள் இருப்பது என்ன சொல் என்று எழுத வேண்டும். ஒரே மாதிரி புரிந்தால் பச்சை. இரண்டு விதமாகப் புரிந்தால் சிவப்பு. அந்த இரண்டையும் பின்பக்கம் எழுத வேண்டும். சிவப்புச் சீட்டு எழுதியவரிடமே திரும்பிப் போகும்.

அதாவது, சொன்னதைத் தப்பாகப் புரிந்துகொள்வதற்கு ஆள் எடுக்கிறார்கள். ஒன்பது வருடமாக எல்லா ஆசிரியரும் என்னைத் திட்டியது இதற்காகத்தான். தேர்வு வைத்தார்கள். நான் மூன்றாவது. பட்டியல் ஒட்டும்போது என் பெயரைக் காணவில்லை. விளக்கம் எழுதுகிறவர்களின் உறவினர் வாசிக்கக் கூடாதாம்.

நாற்பதில் முப்பத்தெட்டாவதாகத் தேறிய என் நண்பன் இசக்கிராஜா உள்ளே. நான் வெளியே.

இசக்கி சாயங்காலம் கட்டோடு வந்தான்.

"மாப்ள, நாப்பது சீட்டுல. இத படிச்சேன்னா கிரிக்கெட்டு எப்ப ஆடுவேன்? நீ போட்டுக் குடு."

"எவனாவது கண்டுபிடிச்சா?"

"ஒன் கையெழுத்தும் என் கையெழுத்தும் ஒரே கோழிதானே கிண்டுச்சு."

அதிகச் சிவப்பு பிடிக்கிறவர் பெயரை நன்றிப் பக்கத்தில் போடுவார்களாம். இசக்கிராஜா என்று அச்சாகட்டும். உண்மை இரண்டு பேருக்குத் தெரியும். இன்று முதல் நான் வாசிப்பாளர் எண் 31.

ஏப்ரல் 30, செவ்வாய்

எ-6 என்று ஒருவர் இருக்கிறார். எ என்றால் எரிச்சல். மற்றவர்கள் நாலு சொல்லில் முடித்துக்கொள்கிறார்கள். இவர் ஒன்றையும் விட்டுவிடக் கூடாது என்று பயந்து பயந்து, ஊருக்குப் போகிற பெட்டி மாதிரி வாக்கியத்தை அமுக்கி அமுக்கி அடைக்கிறார். பெட்டி மூடமாட்டேன் என்கிறது.

"பெரிய சாக்கு தைக்கும் ஊசி."

பெரியது சாக்கா, ஊசியா? சிவப்பு. பின்னால் எழுதினேன்: "எங்கள் வகுப்பில் தினமும் பெரிய பெரிய சாக்காகச் சொல்கிறார்கள். அதைத் தைக்க ஊசி இருந்தால் அனுப்பவும்."

"எலி தின்னும் தானியத்தைக் காக்கும் மண் கொள்கலம்."

எலிக்காகக் காக்கிறதா, எலியிடமிருந்து காக்கிறதா? சிவப்பு. "எலியின் நன்றி உங்களுக்கு வந்து சேரும்."

"குழந்தையை உறங்குவதற்குக் கட்டித் தொங்கவிடும் துணி."

இதைப் பார்த்ததும் எனக்குப் புல்லரித்துவிட்டது. துணியைக் கட்டுவதா, குழந்தையைக் கட்டுவதா? இந்த மாதிரி ஒன்றைப் பிடிக்க ஒரு தனிக் கண் வேண்டும். சிவப்பு, அடிக்கோடு, ஆச்சரியக்குறி. பின்னால்: "போலீசுக்குச் சொல்லட்டுமா? எழுதியவர் வீட்டில் குழந்தைகள் உண்டா? உண்டென்றால் பாவம் அவர்கள்."

எ-2, எ-3, எ-8 எல்லாம் சுருக்கமாக, சப்பென்று இருந்தன. பச்சை, பச்சை, பச்சை என்று போட்டுத் தள்ளினேன்.

மே 4, சனி

முதல் கட்டில் பதினேழு சிவப்பு. இசக்கியின் பக்கத்து வரிசைக்காரனுக்கு ஐந்துதானாம். அடுத்த கட்டும் வந்துவிட்டது.

குளியலறையில் நான் செய்தி வாசிக்கிறேன். "வணக்கம். தலைப்புச் செய்திகள். ஷாம்பூ தீர்ந்தது." தங்கை ஷைனி ஏழாம் வாய்ப்பாடு சொல்கிறாள். ஏழெட்டு ஐம்பத்தாறில் தினமும் சிக்கி, குளிக்க முக்கால் மணி நேரம் ஆகிறது. அம்மா வாங்க வேண்டிய சாமான் பட்டியல் சொல்வாள்.

புதுத் தாழ்ப்பாள் இன்னும் வரவில்லை. அப்பா கேட்டால், "நாளைக்கு" என்கிறார். எந்த நாளைக்கு? இதுவே சிவப்புதான்.

மே 7, செவ்வாய்

அம்மாவுக்கு வெயில் தலையில் ஏறிவிட்டது.

மாலை நான் வந்தபோது முன்னறை விட்டத்துக் கொக்கியில் பழைய சேலையைக் கட்டித் தூளி போட்டிருந்தாள். உள்ளே ஷைனியின் பொம்மை. அவிழ்க்கிறாள், பொம்மையைக் கையில் வைத்துக்கொண்டு கட்டுகிறாள், மறுபடி அவிழ்க்கிறாள்.

"எம்மா, என்ன பண்ணுத?"

"மொதல்ல எதக் கட்டுதோம், எத வைக்கோம்னு பாக்கேன்."

"யாருக்கு?"

"ஒனக்கு ஒண்ணுமில்ல. போ, தயிரு வாங்கிட்டு வா."

அன்று நான் எழுதிய சீட்டுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. அம்மாவுக்குக் கொடுத்திருப்பது பறவையும் மரமும். அவளே முதல் வாரம் சொன்னாள். ஆகவே சம்பந்தம் இல்லை.

தயிர் புளித்திருந்தது.

மே 9, வியாழன்

எ-6 மறுபடி. "வெளியே இருப்பவர் உள்ளே இருப்பவரைத் தொந்தரவு செய்யாமல் கதவில் போடும் கம்பி."

தாழ்ப்பாள். அது எனக்குத் தெரியாதா? எங்கள் வீட்டில் துக்கம் இன்னும் ஆறவில்லை. ஆனால் போடுவது யார்? இந்த வாக்கியப்படி வெளியே இருப்பவர் பூனை மாதிரி வந்து, உள்ளே இருப்பவருக்குச் சிறு தொந்தரவும் தராமல், கம்பியைப் போட்டுவிட்டுப் போகலாம். சிவப்பு. பின்னால்: "மதிப்பிற்குரிய எ-6, உங்களுக்குத் தமிழ் எத்தனையாவது மொழி? பொருள் எழுதச் சொன்னால் பொருளில்லாமல் எழுதுகிறீர்களே."

எழுதிவிட்டு நானே சிரித்தேன். இசக்கியிடம் வாசித்துக் காட்டினேன். அவன் சிரிக்கவில்லை.

"எலேய், யாரோ ஒரு பெரிய ஆளா இருக்கும்ல."

"பேரே இல்லாத ஆளுக்கு என்ன பெரிய ஆளு, சின்ன ஆளு?"

மே 11, சனி

இரண்டாம் கட்டில் இருபது சிவப்பு. மொத்தம் முப்பத்தேழு. இதில் எ-6 மட்டும் இருபத்தொன்று.

மே 14, செவ்வாய்

அம்மா இப்போது குளியலறையில் சாமான் பட்டியல் சொல்வதில்லை. வாளியில் குவளையால் தட்டுகிறாள். அதுவும் சத்தம்தானே என்கிறாள்.

மாலையில் அந்தக் கதவு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். வெளித்தாழ்ப்பாளைப் போட்டாள், எடுத்தாள். உள்ளே போனாள், தாழ்ப்பாள் இருந்த இடத்தில் விரலை வைத்துத் தள்ளுவது மாதிரி செய்தாள். உதடு மட்டும் அசைந்தது. அப்பா பார்த்துவிட்டு, "நாளைக்குக் கண்டிப்பா வாங்கிட்டு வந்துருதேன்" என்றார். தாழ்ப்பாளுக்காகத்தான் ஏங்குகிறாள் என்று அவர் முடிவு கட்டிவிட்டார்.

நானும் அப்படியே முடிவு கட்டினேன்.

மே 18, சனி

மூன்றாம் கட்டு கொடுத்தாகிவிட்டது. இருபத்தொன்று! மொத்தம் ஐம்பத்தெட்டு! தூளியைத் திருத்தி எழுதி அனுப்பியிருந்தார் எ-6. அதற்கும் ஒரு சிவப்பு போட்டேன். "இரண்டாம் முயற்சியும் தோல்வி. மூன்றாவது உண்டா, அல்லது ஓய்வு எடுக்கிறீர்களா?"

உண்மையைச் சொன்னால் இந்த முறை அதில் தப்பு எதுவும் அவ்வளவாக இல்லை. ஆனால் ஐம்பத்தேழு என்பது ஓர் எண்ணா?

மே 20, திங்கள்

அம்மா இரவுச் சாப்பாட்டைப் பரிமாறும்போது அப்பாவிடம் சொன்னாள்: "கை விட்டுப் போச்சுங்க. பதினஞ்சு வருசம். பழசு எல்லாம் இருக்கும்னு நெனச்சேன். இல்ல."

"யாரும் ஏதும் சொன்னாங்களா?"

"நேருல யாரு சொல்லுவா?"

"பின்ன?"

"சாம்பார் ஊத்தவா?"

அப்பா தட்டை நீட்டினார். எனக்குச் சாம்பார் வேண்டாம் என்று தோன்றியது. காரணம் தெரியவில்லை. (தெரியும்.)

மே 21, செவ்வாய்

சமையலறை அலமாரியில் ஸ்க்ரூ டிரைவர் தேடினேன். ரவை டப்பாவுக்குப் பின்னால் ரப்பர் பேண்ட் போட்ட ஒரு கட்டு இருந்தது. எல்லாம் சிவப்பு. மடிப்பு பிரிக்கப்பட்டு, மறைந்திருந்த சொல் தெரிந்தது. கோணி ஊசி. குதிர். தூளி. தாழ்ப்பாள். மூலையில் எ-6. பின்பக்கம் என் கையெழுத்து.

நாலு வாசிப்பாளர்களின் சிவப்பு இருந்தது. மற்ற மூன்று பேரும் "இப்படியும் புரிகிறது, அப்படியும் புரிகிறது" என்று இரண்டு வரியோடு நிறுத்தியிருந்தார்கள். நான் மட்டும்தான் கச்சேரி நடத்தியிருந்தேன்.

தூளிச் சீட்டைத் திருப்பினேன். "எழுதியவர் வீட்டில் குழந்தைகள் உண்டா? உண்டென்றால் பாவம் அவர்கள்." அதற்குக் கீழே அம்மா பென்சிலால், மிகச் சின்னதாக எழுதியிருந்தாள்.

"இரண்டு."

கட்டை அப்படியே வைத்துவிட்டேன். ரவை டப்பா இருந்த கோணம்கூட மாறாமல்.

ஷைனியிடம் மெதுவாகக் கேட்டேன். "அம்மாவுக்குப் பறவைதானே குடுத்துருக்காங்க?"

"அது எப்பவோ முடிஞ்சிட்டு. இப்ப வீட்டுச் சாமான். ஒனக்குத் தெரியாதா? அம்மா சாப்பிடும்போது சொன்னாளே."

சொல்லியிருப்பாள். அந்த நேரம் நான் என் சிவப்பை எண்ணிக்கொண்டிருந்திருப்பேன்.

மே 22, புதன்

என் முடிவு: தப்பு என் மேல் இல்லை. விளக்கம் சரியாக எழுதியிருந்தால் நான் ஏன் சிவப்பு போடப்போகிறேன்? தாழ்ப்பாளுக்கு ஒழுங்காக ஒரு வரி எழுதுவது என்ன பெரிய வித்தையா?

நிரூபிக்க உட்கார்ந்தேன். ஷைனியை எதிரில் உட்கார வைத்தேன். எட்டு வயது, பொய் சொல்லத் தெரியாது.

"கதவை மூடும் கம்பி."

"கம்பியா மூடும்? நாமதானே மூடுதோம்?"

"கதவு திறக்காமல் இருக்க உள்ளே போடும் கம்பி."

"உள்ளன்னா? கதவுக்கு உள்ளயா, வீட்டுக்கு உள்ளயா?"

"உட்புறமிருந்து கதவைத் திறக்க முடியாமல் செய்யும் கம்பி."

"அப்ப உள்ள போனவங்க எப்படி வெளிய வருவாங்க?"

"வெளியே இருப்பவர் உள்ளே வராமல் இருக்க அவர் போடும் கம்பி."

"எவரு?"

"உள்ளே இருக்கவருடி!"

"அப்ப 'உள்ளே இருக்கவர்'னு எழுது. ஏன் அவர்னு எழுதுத?"

பதினோரு முறை எழுதினேன். பதினோரு முறையும் அடித்தேன். நோட்டில் ஒரு பக்கம் முழுக்கக் காக்கை மிதித்த மாதிரி இருக்கிறது. கடைசியில் பென்சிலை எறிந்தேன். அது அலமாரிக்கு அடியில் போய்விட்டது. எடுக்கவில்லை. எனக்குத் தமிழ் எத்தனையாவது மொழி என்று நல்லவேளை யாரும் கேட்கவில்லை.

அம்மா இந்த மாதிரி வாரத்துக்கு நாற்பது எழுதுகிறாள். நடுவில் சோறும் பொங்குகிறாள்.

மே 25, சனி

ஒரு திட்டம் போட்டேன். நான்காம் கட்டில் நாற்பது சீட்டுக்கும் பச்சை. எ-6 ஆக இருந்தாலும், எவராக இருந்தாலும். இசக்கி கொண்டுபோய்க் கொடுத்துவிட்டான். பிரச்சினை தீர்ந்தது.

மே 28, செவ்வாய்

தீரவில்லை.

காலையில் இசக்கி சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடி வந்தான். "மாப்ள, ஆபீசுல இருந்து போன்ல. முப்பத்தொண்ண நேருல வரச் சொல்லுதாங்க. நான் போவமாட்டேன். நீதானே முப்பத்தொண்ணு? நீயே போ."

அம்மா மாடியில் இருப்பாள். பார்க்கிற அறை கீழே. தலையைக் குனிந்துகொண்டு போனேன். பதிப்பாசிரியர் சண்முகவடிவு மேடம் என்று ஒருவர். மேசை முழுக்கச் சீட்டு. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"நீதான் இசக்கிராஜாவா?"

"ஆமா மேடம்."

"ஒவ்வொரு கட்டுலயும் அஞ்சு சீட்டு நாங்களே வேணும்னு தப்பா எழுதி உள்ள வைப்போம். படிக்கிறாங்களா, சும்மா டிக் போடுறாங்களான்னு பாக்க. இந்த வாரம் அஞ்சுக்கும் நீ பச்சை போட்டிருக்க."

"தெரியாம மேடம்..."

"போன வாரம் நாலுக்குப் பச்சை. அதுக்கு முந்தி மூணு. முதல் வாரமே மூணு."

அந்தச் சப்பென்ற சீட்டுகள். எ-2, எ-3, எ-8. நான் படிக்காமல் தள்ளியவை.

"இனிமே என்ன ஆகும், மேடம்?"

"உன் சீட்டு எல்லாம் ரத்து. எழுதினவங்களுக்குச் சொல்லிட்டு, வேற மூணு பேர் மறுபடி படிப்பாங்க."

எனக்கு நாற்காலியில் இருந்து எழுந்து குதிக்கலாம் போல இருந்தது. ரத்து! ஐம்பத்தெட்டும் ரத்து! அம்மா தப்பித்தாள்!

"சந்தோசமா இருக்க மாதிரி இருக்கே" என்றார் மேடம். பிறகு ஒரு சீட்டைத் திருப்பிக் காட்டினார். 'மூன்றாவது உண்டா, அல்லது ஓய்வு எடுக்கிறீர்களா?'

"இத எழுதினது நீதானே? இவங்க நேத்து வந்து, சனிக்கிழமையோட நின்னுக்கிடுறேன்னு சொல்லிட்டாங்க."

"நீங்கதான் ரத்துன்னு சொன்னீங்களே, மேடம்."

"சீட்டை ரத்து பண்ணலாம், தம்பி. அவங்க படிச்சதை நான் எப்படி ரத்து பண்ணட்டும்?"

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். "தண்ணி குடிச்சிக்கிடுதேன் மேடம்" என்று வந்தது. குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

மே 29, புதன்

சொல்லவில்லை.

மே 30, வியாழன்

அம்மா தோள்பையைக் காலி செய்து, துடைத்து, அலமாரி மேல் வைத்துவிட்டாள். "நாளைக்கும் நாளான்னைக்கும் துணிப்பை போதும்" என்றாள்.

சொல்லவில்லை. தொண்டையில் தாழ்ப்பாள். எல்லாம் தப்பான இடத்தில் இருக்கிறது.

மே 31, வெள்ளி

சொல்லிவிட்டேன்.

எதிரில் நின்று சொல்ல முடியவில்லை. காலையில் குளிக்கப் போனேன். சத்தம் கொடுக்க வேண்டும் என்பது வீட்டுச் சட்டம். கதவுக்கு வெளியே அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். நான் செய்தி வாசிக்க ஆரம்பித்தேன்.

"வணக்கம். செய்திகள் வாசிப்பது கிப்சன். பாளையங்கோட்டையில் வாசிப்பாளர் எண் முப்பத்தொன்று என்ற பெயரில் உலவி வந்த ஆள் மாறாட்டப் பேர்வழி ஒருவன் பிடிபட்டான். இவன் தன் நண்பனின் சீட்டுகளை வாங்கி..."

வெளியே உதறிக்கொண்டிருந்த துணியின் சத்தம் நின்றது.

"...எ-6 என்பவருக்குச் சிவப்பு போட்டுள்ளான். எ-6 யார் என்பது அப்போது தனக்குத் தெரியாது என்று கூறியுள்ளான். தெரிந்த பிறகு பத்து நாள் வாயை மூடிக்கொண்டிருந்ததையும் ஒப்புக்கொண்டான். சீட்டின் பின்னால் எழுதியது..." இந்த இடத்தில் செய்தி வாசிப்பாளருக்கு மூக்கு ஒழுக ஆரம்பித்துவிட்டது. "எம்மா, தூளில எழுதினது நான்தாம்மா. எல்லாமே நான்தாம்மா."

கதவருகே காலடி வந்தது. பிறகு, மிக மெதுவாக, எனக்கு எந்தத் தொந்தரவும் இல்லாமல், வெளித்தாழ்ப்பாள் விழுந்தது.

டக்.

ஒரு மணி நேரம் பத்து நிமிடம் உள்ளே இருந்தேன். சட்டப்படி சத்தமும் கொடுத்துக்கொண்டிருந்தேன். செய்தி தீர்ந்தது. ஏழாம் வாய்ப்பாடு சொன்னேன். அப்பாவின் ரூட்டில் திருச்செந்தூர் போய்த் திரும்பினேன்.

ஷைனி வந்தாள். "ஏன் உள்ளயே இருக்க?"

"அம்மா போட்டுட்டா. என்ன பண்ணுதா அவ?"

"பின்வாசல்ல உக்காந்துருக்கா. ஒண்ணும் பண்ணல."

"அழுதாளா?"

"தெரியல. முதுகுதான் தெரியுது."

"தொறந்துவிடு, ஷைனி."

"அம்மா போட்டத நான் எப்படித் தொறக்க?" போய்விட்டாள்.

கடைசியில் அம்மா வந்து திறந்தாள். முகம் கழுவியிருந்தாள். ஒரு துண்டை என் தலையில் போட்டாள்.

"தொவட்டு."

துவட்டினேன்.

"பாவம்னு எழுதினியே. யோசிச்சு எழுதினியா, சும்மா வந்துச்சா?"

"சும்மா வந்துச்சும்மா. சிரிப்பா இருக்கும்னு."

"எனக்கு ஒரு மாசம் அதுதான் ஓடுச்சு. வேலைக்குப் போனதுல பிள்ளைகளத்தான் விட்டுட்டனோன்னு. எவனோ ஒருத்தன் சீட்டப் பாத்தே கண்டுபிடிச்சிட்டானேன்னு."

எது சொன்னாலும் அதற்கு இரண்டு அர்த்தம் வந்துவிடுமோ என்று பயமாக இருந்தது.

"நாளைக்கு நீயும் வா" என்றாள். "மொதல்ல ஒன்னயப் பத்திச் சொல்லணும். நான் நிக்கதா, இருக்கதாங்கது அப்புறம்."

"ஒனக்கு வேலை போயிருமாம்மா?"

"விதிய மீறினது என் வீட்டு ஆளு. போனா போவட்டும். சொல்லாம இருக்க முடியாது."

ஜூன் 1, சனி

சண்முகவடிவு மேடம் முழுவதையும் கேட்டார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார், இறக்கினார், மறுபடி ஏற்றினார்.

"உறவினர் வாசிக்கக் கூடாதுன்னு ஏன் விதி வச்சோம்? சலுகை காட்டுவாங்கன்னு. பெத்த அம்மாவுக்கே இத்தனை சிவப்பு போடுற பிள்ளைக்கு நாங்க விதி யோசிக்கவே இல்லையே, பியூலா."

அம்மா சிரிக்கவில்லை. "நான் தெரிஞ்சே விட்டுட்டேன்னு நீங்க நெனச்சிரக் கூடாது மேடம்."

"தெரிஞ்சு எழுதச் சொன்னீங்கன்னா இப்படியா எழுதச் சொல்லுவீங்க?" மேடம் தூளிச் சீட்டை எடுத்துப் பார்த்துவிட்டுக் கவிழ்த்து வைத்தார். "மறுவாசிப்பு முடியட்டும். அதுவரைக்கும் நீங்க நிக்க முடியாது. சீட்டு எல்லாம் உங்க எண்ணுல கிடக்கு. முடிஞ்ச பிறகு, சரியா வந்தா இருங்க. இல்லைன்னா நானே சொல்றேன்."

என்னைப் பார்த்து, "இசக்கிராஜா, நீ போகலாம்" என்றார்.

"நான் கிப்சன், மேடம்."

"அதையும் இன்னைக்காவது சொன்னியே."

ஜூன் 10, திங்கள்

பள்ளி திறந்துவிட்டது. மறுவாசிப்பு முடிந்தது. அம்மா மாலையில் வந்து தோள்பையை ஆணியில் மாட்டினாள். துணிப்பை அல்ல. தோள்பை. ஐந்து பேரில் அம்மாவும் ஒருத்தி. நாலாவதாக. "கடைசிக்கு முந்தி" என்றாள், டிபன் பாக்ஸைக் கழுவப் போட்டபடியே. ஆனால் கழுவும்போது கூடவே சாமான் பட்டியல் சொல்லிக்கொண்டிருந்தாள், குளியலறையில் இல்லாதபோதும்.

தாழ்ப்பாள் சீட்டை என் முன்னால் வைத்தாள். மறுபடி எழுதியது.

"கதவின் உட்பக்கம் பொருத்தப்பட்ட சிறு கம்பி. இதைத் தள்ளி மூடினால் வெளியே இருப்பவரால் கதவைத் திறக்க முடியாது."

இரண்டு வாக்கியம்! உடைத்துப் போட்டுவிட்டாள். எனக்கு அது தோன்றவே இல்லை. குறுக்கும் நெடுக்கும் படித்தேன். ஒரே மாதிரிதான் புரிந்து தொலைத்தது. ஆனால்...

"எம்மா, சொன்னா கோவப்படமாட்டியே?"

"சொல்லு."

"உட்பக்கம்னு மட்டும் போட்டுருக்க. வெளித்தாழ்ப்பாளும் உண்டுல்லா. ஒரு மணி நேரம் பத்து நிமிசம் எனக்குத் தெரியும்."

அம்மா சீட்டைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். சிவப்புப் பேனாவை எடுத்து அவளே ஒரு கோடு போட்டாள். "ஆமால்ல" என்றாள். அவ்வளவுதான். பின்பக்கம் யாரும் எதுவும் எழுதவில்லை.

இது கணக்கில் வராது. கணக்கு இதோ. நான் போட்ட ஐம்பத்தெட்டு சிவப்பில், மூன்று பேர் மறுபடி படித்த பிறகும் நின்றவை ஒன்பது. மற்ற நாற்பத்தொன்பதும் எல்லாருக்கும் புரிந்திருக்கிறது, எனக்கு மட்டும் புரியாமல் போயிருக்கிறது. அந்த ஒன்பதிலும் தூளி உட்பட நாலு நான் கண்டுபிடித்தது இல்லை. நான் சீட்டைச் சத்தமாகப் படித்தபோது பக்கத்தில் பொம்மைக்குத் தலை பின்னிக்கொண்டிருந்த ஷைனி, "குழந்தையவா கட்டித் தொங்கவிடுவாங்க?" என்று கேட்டாள். தனிக் கண் என்று ஏப்ரலில் எழுதியிருக்கிறேனே, அது அவளுடையது. ஆக, ஐந்து.

இன்னொன்று. அப்பாவின் 'நாளைக்கு' இன்று வந்தது. புதுத் தாழ்ப்பாளை நான்தான் பொருத்தினேன். கூட வந்த திருகாணியில் ஒன்று குறைந்தது. "கடைக்காரன் ஏமாத்திட்டான்" என்று அப்பா கிளம்பினார். நான் வேண்டாம் என்று சொல்லி, என் பென்சில் டப்பாவிலிருந்து பழைய நான்காவதை எடுத்துக் கொடுத்தேன்.

ஏப்ரல் இருபத்தைந்தாம் தேதி மாலை ஐந்து பத்துக்கு அருகில் யாரும் இல்லை என்று எழுதியிருந்தேன். இருந்தேன். தூண்டில் நரம்பைக் கட்டி, உள்தாழ்ப்பாளை வெளியிலிருந்தே இழுத்துப் போட்டுவிட்டு, ஆளில்லாத குளியலறைக்கு வெளியே எல்லாரும் வரிசையில் நிற்பதைப் பார்க்கலாம் என்று நினைத்தேன். இழுத்தேன். தாழ்ப்பாளே கையோடு வந்துவிட்டது.

அப்பா திருகாணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது எங்கனலே கெடந்துச்சு?"

அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். ஷைனியும் வந்து நின்றாள். இந்த முறை செய்தி வாசிக்கக் கதவு எதுவும் நடுவில் இல்லை.